மேயர் இல்லாத மேயர் மாளிகை: பாரிஸ் நகர மன்றத்தின் கதை

1871 முதல் 1977 வரை பாரிஸுக்கு மேயர் கிடையாது. பிரான்சின் சின்னஞ்சிறு கிராமத்துக்கும் மேயர் இருந்த காலம் அது. பிரெஞ்சு ஆட்சியில் இருந்த நம் புதுச்சேரிக்கே 1880 ஆம் ஆண்டு ஆணையால் நகராட்சியும் மேயரும் வந்தாயிற்று. தலைநகரத்துக்குத்தான் இல்லை. வேடிக்கை என்னவென்றால், மேயர் உட்கார வேண்டிய மாளிகை அந்த நூறாண்டுகளில்தான் முன்னெப்போதும் இல்லாத ஆடம்பரத்தோடு எழுந்தது. சீன் நதியின் வலது கரையில் நிற்கும் அந்தக் கட்டடத்தைப் பிரெஞ்சில் ஓத்தெல் து வீல் என்பார்கள், நகர மாளிகை.

இதை அரசு மறந்துபோன விஷயம் என்று நினைத்துவிட வேண்டாம். மன்னராட்சி, பேரரசு, குடியரசு என்று யார் வந்தாலும் பாரிஸ் நகரத்துக்குத் தனித் தலைவர் வேண்டாம் என்பதில் மட்டும் ஒரே கருத்தாக இருந்தார்கள். காரணம் இந்தக் கட்டடத்தில் நடந்தவை. இதன் ஜன்னலில் நின்று, கீழே கூடிய மக்களிடம் பேசி ஆரவாரம் வாங்கியவர் கையில் நாடே போய்விடும் என்பதைப் பிரான்ஸ் பலமுறை பார்த்துவிட்டது.

கதை ஆற்றங்கரையில் தொடங்குகிறது. இடைக்காலத்தில் அந்த இடம் மணலும் சரளையும் கலந்த சரிவான கரை. தானியம், விறகு, வைக்கோல், திராட்சை மது எல்லாம் படகில் வந்து இங்கே இறங்கின. கிரேவ் சதுக்கம் என்று பெயர். எதிரே தீவில் அரசனின் அரண்மனை, இந்தப் பக்கம் வணிகர்கள். சீன் நதியில் சரக்குப் போக்குவரத்தின் உரிமை நீர் வணிகர் குழுவிடம் இருந்தது. நகர நிர்வாகமும் மெல்ல அவர்கள் கைக்கே வந்து சேர்ந்தது. பாரிஸின் சின்னத்தில் இன்றும் ஒரு கப்பல் இருப்பது அவர்கள் முத்திரையிலிருந்து வந்ததுதான். அந்தக் குழுவின் தலைவர் வணிகர் தலைவர் எனப்பட்டார். இன்றைய மேயர் பதவிக்கு முன்னோடி அவர்.

1357 இல் அந்தப் பதவியில் இருந்தவர் எத்தியேன் மார்செல், பணக்காரத் துணி வணிகர். சதுக்கத்தில் தூண்களின் மேல் நின்ற ஒரு பெரிய வீட்டை நகரத்தின் பெயரில் அவர் வாங்கினார். ‘தூண் வீடு’ என்றே அதை அழைத்தார்கள். அன்றிலிருந்து இன்றுவரை பாரிஸின் நிர்வாகம் இதே இடத்தில்தான் இருக்கிறது.

மார்செல் சும்மா இருந்தவர் அல்ல. நூறாண்டுப் போர் நடந்துகொண்டிருந்தது, மன்னர் ஆங்கிலேயரிடம் சிறைப்பட்டிருந்தார், வரிப்பணத்துக்குக் கணக்குக் கேட்டது நகரம். 1358 பிப்ரவரியில் மார்செல் கூட்டத்தைத் திரட்டிக்கொண்டு அரண்மனைக்குள் புகுந்தார். பட்டத்து இளவரசரின் கண் முன்னாலேயே இரண்டு தளபதிகள் கொல்லப்பட்டார்கள். அதே ஆண்டு ஜூலை 31 அன்று மார்செலையும் பாரிஸ்காரர்களே கொன்றார்கள். வீடு வாங்கி ஏறக்குறைய ஓராண்டில் இத்தனையும். 1380களின் தொடக்கத்தில் வரிக்கு எதிராக இன்னொரு கலகம் வெடித்தபோது ஆறாம் சார்ல்ஸ் மன்னர் வணிகர் தலைவர் பதவியையே ஒழித்துவிட்டார். முப்பது ஆண்டு கழித்துத்தான் அது திரும்பக் கிடைத்தது. நகரம் எழும், அரசு பதவியைப் பிடுங்கும் என்ற வழக்கத்துக்கு அவ்வளவு பழைய வயது.

சரி, தூண் வீடு எப்படி மாளிகை ஆனது? அதற்கும் பணம்தான் காரணம் என்று தோன்றுகிறது. முதலாம் பிரான்சுவா மன்னர் இத்தாலியில் ஓயாமல் போர் நடத்தியவர். கடன் வேண்டும், ஆனால் மன்னரை நம்பிக் கடன் கொடுக்க ஆளில்லை. 1522 இல் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். நகர வருமானத்தைப் பிணையாக வைத்து, நகர மாளிகையின் பெயரில் கடன் பத்திரங்கள் வெளியிடப்பட்டன. பிரான்சின் பொதுக்கடன் வரலாறு அங்கேதான் தொடங்குகிறது. மன்னரைவிட வணிகர்களின் கையெழுத்துக்கு மதிப்பு கூடுதல். அந்த நகரத்துக்குத் தகுந்த கட்டடம் வேண்டாமா? 1533 ஜூலை 15 அன்று புதிய மாளிகைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது.

வடிவமைத்தவர் தொமெனிக்கோ தா கொர்த்தோனா என்ற இத்தாலியர். தாடியின் நிறத்தை வைத்து ‘பொக்கடோர்’, அதாவது பொன்வாயர், என்று பட்டப்பெயர். மரத்தில் கட்டட மாதிரி செய்வதில் கெட்டிக்காரர். ஷம்போர் கோட்டைக்கும் மாதிரி செய்தவர் இவரே. பக்கத்தில் நின்று கட்டியவர் பியேர் ஷாம்பிஜ், பரம்பரையாகக் கல்வேலை செய்த பிரெஞ்சுக் குடும்பத்தைச் சேர்ந்தவர். பெருமை யாருக்குச் சேர வேண்டும் என்று அறிஞர்கள் நெடுங்காலம் சண்டை போட்டிருக்கிறார்கள். முகப்பைப் பார்த்தால் இரண்டு பேரின் கையும் தெரிகிறது என்றே எனக்குப் படுகிறது. ஒழுங்கான தூண் வரிசைகள், சிலை வைக்கும் மாடக்குழிகள், சமச்சீரான ஜன்னல்கள் எல்லாம் இத்தாலி. செங்குத்தாக ஏறும் கற்பலகைக் கூரை, அதில் துருத்தும் கூரை ஜன்னல்கள், உயர்ந்த புகைபோக்கிகள், நடுவில் மணிக்கூண்டு எல்லாம் பிரான்ஸ். மழையும் பனியும் உள்ள ஊரில் இத்தாலியின் தட்டைக் கூரை வேலைக்கு ஆகாது.

கட்டி முடிக்க 95 ஆண்டு ஆனது. நடுவே கத்தோலிக்கருக்கும் புராட்டஸ்டண்டுகளுக்கும் நடந்த மதப்போர்கள் வேலையைப் பல்லாண்டு நிறுத்திவிட்டன. நான்காம் ஹென்றி காலத்தில் வேகம் பிடித்து, பதின்மூன்றாம் லூயி காலத்தில், 1628 இல்தான் முடிந்தது. வாசலுக்கு மேல் குதிரை ஏறிய நான்காம் ஹென்றியின் புடைப்புச் சிற்பம் வந்தது. பிறகு உள்முற்றத்துக்குக் கொய்செவோ செய்த பதினான்காம் லூயியின் வெண்கலச் சிலை வந்தது. புரட்சி, தீ இரண்டையும் தப்பிய அந்தச் சிலை இப்போது கார்னவாலே அருங்காட்சியகத்தின் முற்றத்தில் நிற்கிறது.

மாளிகைக்கு வெளியே சதுக்கம் தன் போக்கில் இருந்தது. விடியற்காலையில் கூலி வேலை தேடுகிறவர்கள் அங்கே வந்து நிற்பார்கள். கோடைக்காலத்தில் புனித யோவான் திருநாளுக்குப் பெரிய சொக்கப்பனை கொளுத்துவார்கள், சில சமயம் மன்னரே வந்து தீ வைப்பார். உயிருள்ள பூனைகளை அந்தத் தீயில் போட்டு வேடிக்கை பார்த்த கொடுமையும் உண்டு. அப்புறம், இதுதான் பாரிஸின் கொலைக்களம். 1310 இல் மார்கரித் பொரெத் என்ற ஆன்மிக எழுத்தாளர் இங்கே எரிக்கப்பட்டார். நான்காம் ஹென்றியைக் குத்திக் கொன்ற ராவையாக் 1610 இலும், பதினைந்தாம் லூயியைக் கத்தியால் கீறிய தமியேன் 1757 இலும் இங்கேதான் குதிரைகளை விட்டு இழுத்துக் கிழிக்கப்பட்டார்கள். 1792 ஏப்ரல் 25 அன்று கில்லட்டின் முதன்முதலாகப் பயன்பட்டதும் இந்தச் சதுக்கத்தில்தான். ஆக, பெருங்கூட்டம் கூடுவதும் ரத்தம் பார்ப்பதும் அந்தத் தரைக்குப் பழகிய விஷயம். ஊர் கொதிக்கும்போது கால்கள் தாமாக அங்கே போனதில் ஆச்சரியம் இல்லை.

1789 ஜூலை 14 அன்று பஸ்தில் கோட்டை விழுந்ததும் கூட்டம் வந்த இடம் நகர மாளிகை. கடைசி வணிகர் தலைவரான ஃப்ளெசெல் ஆயுதம் தராமல் ஏமாற்றினார் என்று கூட்டத்துக்குக் கோபம். மாளிகையை விட்டு வெளியே வந்தவரைச் சுட்டுக் கொன்றார்கள். அவரோடு அந்தப் பழைய பதவியும் முடிந்தது. வானியல் அறிஞர் பாயி பாரிஸின் முதல் மேயரானார். மூன்று நாள் கழித்துப் பதினாறாம் லூயி மன்னரே வந்து, உயர்த்திப் பிடித்த வாள்களுக்குக் கீழே படியேறி, பாயி கொடுத்த மூவண்ணப் பட்டையை வாங்கித் தொப்பியில் செருகிக்கொண்டார். என்னைக் கேட்டால், பழைய முடியாட்சி முடிந்தது அந்தப் படிக்கட்டில்தான். அதற்கப்புறம் நடந்தது எல்லாம் சம்பிரதாயம்.

புரட்சிக் காலத்தில் மேயரும் நகர நிர்வாகமும் நாடாளுமன்றத்தையே மிரட்டும் அளவுக்கு வளர்ந்தார்கள். 1794 ஜூலை 27 இரவில் நாடாளுமன்றம் கைவிட்ட புரட்சித் தலைவர் ரோபெஸ்பியேர் அடைக்கலம் தேடியதும் இந்த மாளிகையில்தான். உள்ளே புகுந்த படைகள் தாடை உடைந்த நிலையில் அவரைப் பிடித்தன. மறுநாள் கில்லட்டின் ஏறியவர்களில் பாரிஸ் மேயரும் ஒருவர். சட்டம் போட்டவர்கள் பாடம் படித்துக்கொண்டார்கள். மேயர் பதவி ஒழிந்தது. பிறகு 1848 இலும் 1870–71 இலும் சிறிது காலம்தான் அது திரும்பி வந்தது. 1800 இல் நெப்போலியன் அதை இன்னும் இறுக்கினார். நகரத்தை ஆள அரசே நியமிக்கும் சீன் மாவட்ட ஆட்சியர், போலீசுக்கு இன்னொரு ஆட்சியர். ஊர் பல வட்டாரங்களாகப் பிரிந்தது. வட்டாரத்துக்கு ஒரு மேயர் இருந்தார், ஆனால் திருமணம் பதிவு செய்வது மாதிரியான வேலைகள்தான் அவருக்கு. ஊருக்கு மொத்தமாக ஒரு தலை வேண்டாம் என்பதே திட்டம்.

பதவியை ஒழிக்கலாம், ஜன்னலை எப்படி ஒழிப்பது? 1830 ஜூலைப் புரட்சியில் லூயி பிலிப் மன்னராக வேண்டும் என்றால் இங்கே வந்தாக வேண்டியிருந்தது. கீழே குடியரசு கேட்டு நின்ற கூட்டத்துக்கு முன் முதியவர் லஃபயெத் மூவண்ணக் கொடியோடு அவரைக் கட்டி அணைத்தார், கூட்டம் ஆரவாரம் செய்தது, முடி கிடைத்தது. 1848 பிப்ரவரியில் அதே மன்னர் ஓடியதும் புதிய குடியரசின் தற்காலிக அரசு இங்கே உட்கார்ந்தது. செங்கொடி ஏற்று என்று தொழிலாளர்கள் நெருக்கியபோது கவிஞர் லமார்த்தின் வெளியே வந்து பேசி மூவண்ணத்தைக் காப்பாற்றினார். 1870 செப்டம்பரில் மூன்றாம் நெப்போலியன் ஜெர்மானியரிடம் சரணடைந்த செய்தி வந்தது. கூட்டம் நாடாளுமன்றத்துக்குள் புகுந்துவிட்டது. அங்கேயே குடியரசை அறிவித்திருக்கலாம். ஆனால் தீவிரப் புரட்சிக் குழுக்கள் முந்திக்கொண்டு நகர மாளிகையில் வேறு அரசை அறிவித்துவிட்டால்? பயந்துபோன குடியரசுவாதி கம்பெத்தாவும் தோழர்களும் கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு ஆற்றங்கரையோரம் நடந்து இங்கே வந்தார்கள். மூன்றாம் குடியரசு பிறந்தது இப்படித்தான்.

இதற்கிடையே கட்டடம் ஊதிப் பெருத்திருந்தது. ராம்புத்தோ ஆட்சியராக இருந்த காலத்தில், 1830களின் கடைசியிலிருந்து, பொக்கடோர் கட்டிய நடுப்பகுதியை அப்படியே விட்டுவிட்டு இரண்டு பக்கமும் பின்னாலும் புதிய கட்டடங்களைச் சேர்த்தார்கள். அடுத்து 1853 இல் ஆட்சியராக வந்தவர் ஓஸ்மான், பாரிஸை இடித்துக் கட்டிய அதே ஓஸ்மான். சதுக்கத்தைச் சுற்றியிருந்த சந்துகளை இடித்து அகலமாக்கினார். கூட்டம் தடுப்பு அமைத்துப் பதுங்க வசதியான சந்துகள் அவை. மாளிகைக்குப் பின்னால் படைவீடுகள் எழுந்தன, அங்கிருந்து மாளிகைக்குள் வர சுரங்கப்பாதையும் இருந்தது. அது வீண் போகவில்லை. 1870 அக்டோபர் 31 அன்று கலகக்காரர்கள் மாளிகைக்குள் புகுந்து அமைச்சர்களைச் சிறைபிடித்தபோது, அரசுப் படை அந்தச் சுரங்கம் வழியாகத்தான் உள்ளே வந்து நிலைமையை மீட்டது. நகராட்சிக் கட்டடத்துக்கு இப்படி ஒரு ரகசிய வழி தேவைப்பட்டது என்றால் அரசுக்கு அதன் மேல் எவ்வளவு நம்பிக்கை இருந்திருக்கும், பாருங்கள்.

அடுத்த வசந்தத்தில் சுரங்கமும் உதவவில்லை. 1871 மார்ச் 18 அன்று அரசு வெர்சாய்க்கு ஓடியது. 28 ஆம் தேதி இந்தச் சதுக்கத்தில் பாரிஸ் கம்யூன் என்ற கிளர்ச்சியாளர்களின் நகர அரசு அறிவிக்கப்பட்டது. இரண்டு மாதம் நகரம் தன்னைத் தானே ஆண்டது. மே மாதக் கடைசியில் அரசுப் படைகள் தெருத் தெருவாகக் கொன்றுகொண்டே முன்னேறின. மே 24 அன்று கம்யூன் வீரர்கள் மாளிகைக்குத் தீ வைத்துவிட்டுப் பின்வாங்கினார்கள்.

எரிந்தது கல்லும் மரமும் மட்டும் அல்ல. திலக்ருவா வரைந்த கூரை ஓவியம், ஆங்கர் வரைந்த நெப்போலியன் ஓவியம், நகர வரலாற்று நூலகம் எல்லாம் போயின. இவற்றைவிடப் பெரிய நஷ்டம் பதிவேடுகள். 16 ஆம் நூற்றாண்டிலிருந்து 1859 வரையிலான பாரிஸின் பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவுகளுக்கு இரண்டு பிரதிகள் இருந்தன. ஒன்று நகர மாளிகையின் பொறுப்பில், மற்றொன்று நீதிமன்ற மாளிகையில். பாதுகாப்புக்காகத்தான் இரண்டாகப் பிரித்து வைத்திருந்தார்கள். அந்த வாரம் இரண்டு இடமும் எரிந்தன. பிறகு குடும்பங்களிடமிருந்தும் தேவாலயங்களிலிருந்தும் வக்கீல்களிடமிருந்தும் தாள்களைத் திரட்டி ஏறக்குறைய எண்பது லட்சம் பதிவுகளில் மூன்றில் ஒரு பங்கைத்தான் மீட்க முடிந்தது. இன்றும் பாரிஸில் பூர்வீகம் தேடுகிறவர்கள் 1860 என்ற சுவரில் போய் முட்டிக்கொள்கிறார்கள்.

அதே வாரத்தில் மன்னர்களின் துய்லெரி அரண்மனையும் எரிந்தது. இரண்டு இடிபாடுகளையும் அரசு நடத்திய விதம் எனக்கு மிகவும் சுவாரசியமானது. துய்லெரியைப் பத்தாண்டுக்கு மேல் அப்படியே விட்டுவைத்து 1883 இல் இடித்துத் தள்ளினார்கள். நகர மாளிகையை உடனே மீண்டும் கட்ட முடிவு செய்தார்கள். அரண்மனை வேண்டாம், நகர மாளிகை வேண்டும். ஆனால் எந்த நகர மாளிகை? நேற்று எரிந்த கம்யூனின் மாளிகையா, 1533 இன் மாளிகையா? போட்டி வைத்தார்கள். வென்றவர்கள் தியோடோர் பல்லு, எதுவார் தெபெர்த். முன்முகப்பின் நடுப்பகுதியில் பொக்கடோரின் வடிவத்தைப் பழையபடியே எழுப்புவது என்று தீர்மானம். 1874 இல் தொடங்கிய வேலையைச் சொல்லிக்கொள்ளும்படி முடித்து 1882 ஜூலை 13 அன்று, தேசியத் திருநாளுக்கு முந்தின நாள், பெரும் விருந்தோடு திறந்தார்கள்.

ஆகவே இன்று சுற்றுலாப் பயணிகள் படம் எடுக்கும் ‘மறுமலர்ச்சிக் கால’ முகப்பு உண்மையில் 19 ஆம் நூற்றாண்டுக் கட்டுமானம். பழைய மாளிகையின் வளைவு ஒன்றை மோன்சோ பூங்காவில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். பழைய கல்லைப் பார்க்க விரும்புகிறவர்கள் அங்கே போகலாம்.

புதிய முகப்பில் கண்ணுக்கு ஓய்வே கிடையாது. நூற்றுக்கும் மேற்பட்ட புகழ்பெற்றவர்களின் சிலைகள் மாடக்குழிகளில் நிற்கின்றன. பாரிஸில் பிறந்தவராக இருக்க வேண்டும், இறந்திருக்கவும் வேண்டும் என்பது விதி. மோலியேர், வோல்தேர் எல்லாம் உண்டு. கணித மேதை தலம்பேரின் சிலையைச் செய்தவர், அப்போது பெரிதாகப் பெயர் வாங்காத ரோதான். மேலே பிரெஞ்சு நகரங்கள் பெண் உருவங்களாக, கூரை உச்சியில் ஈட்டி பிடித்த பொன் வீரர்கள், கடிகாரத்தின் கீழே குடியரசின் மூன்று சொற்கள். நகரத்துக்காகத் தனியாக எழுந்தவர்களை அல்ல, நாட்டுக்குப் புகழ் சேர்த்த பாரிஸ்காரர்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். ஆனாலும் எத்தியேன் மார்செலை ஒதுக்க முடியவில்லை. ஆற்றைப் பார்த்த தோட்டத்தில் குதிரை மேல் அவர் சிலை 1888 இல் வந்தது. தலைமையைக் கேட்டுச் செத்தவருக்குச் சிலை உண்டு, பதவி கிடையாது!

உள்ளே போனால் வேறு உலகம். விழா மண்டபம் வெர்சாயின் கண்ணாடி மண்டபத்தைப் பார்த்துச் செய்தது, அதற்குக் குறையாத பொன் பூச்சும் விளக்குக் கொத்தும். புவி த ஷவான் வரைந்த ‘கோடை’, ‘குளிர்காலம்’ ஆகிய இரண்டும் அமைதியானவை. மற்ற பல அறைகளில் ஓவியர்கள் ஒருவரை ஒருவர் முந்தப் பார்த்திருக்கிறார்கள். மன்னனைத் துரத்திய குடியரசு, மன்னனைப் போலவே விருந்து வைக்க ஆசைப்பட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்த விருந்துகளுக்குத் தலைமை தாங்க மேயர் இல்லையே. 1884 ஏப்ரல் சட்டம் பிரான்சின் எல்லா ஊர்களுக்கும் தேர்ந்தெடுத்த மன்றமே மேயரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைக் கொடுத்தது, பாரிஸைத் தவிர. இங்கே மன்றம் தேர்தலில் வரும், அதன் தலைவர் விருந்தினரை வரவேற்பார், ஆளுவது அரசு அனுப்பிய ஆட்சியர். அந்த வரிசையில் வந்த பூபெல் என்பவர் வீட்டுக்கு வீடு குப்பைத் தொட்டி வைக்கச் சொல்லி உத்தரவு போட்டார். பாரிஸ்காரர்கள் கோபத்தில் தொட்டிக்கே அவர் பெயரை வைத்துவிட்டார்கள்.

கடைசியாக ஜன்னல் விழித்தது 1944 இல். ஆகஸ்ட் 20 அன்று, பாரிஸைப் பிடித்திருந்த ஜெர்மானியரோடு போராடிய எதிர்ப்பு இயக்கத்தினர் மாளிகையைக் கைப்பற்றினார்கள். 24 இரவு முதலில் வந்து சேர்ந்த நேச நாட்டுப் படை, கேப்டன் திரோனின் தலைமையில் வந்த சிறு பிரிவு. அதில் பெரும்பாலோர் ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் தோற்று நாடிழந்த குடியரசுக்காரர்கள். மறுநாள் சுதந்திர பிரான்சின் தலைவர் தெ கோல் வந்தார். பழைய வழக்கப்படி ஜன்னலில் நின்று குடியரசை அறிவியுங்கள் என்று எதிர்ப்பு இயக்கத் தலைவர் பிதோ கேட்டார். தெ கோல் மறுத்தார். குடியரசு ஒருபோதும் போகவில்லை, திரும்ப அறிவிக்க என்ன இருக்கிறது என்பது அவர் வாதம். ஜன்னலில் தோன்றிக் கூட்டத்தைப் பார்த்தார், அவ்வளவுதான். நூற்றைம்பது ஆண்டுப் பழக்கத்தை ஒரு மறுப்பில் முடித்துவைத்த அரசியல் சாமர்த்தியம் அது. இனி அதிகாரம் இந்தச் சதுக்கத்தில் கிடைப்பதாக அவர் விடவில்லை.

பயம் தெளிந்த பிறகுதான் மேயர் வந்தார். 1975 டிசம்பர் 31 சட்டம் பாரிஸையும் மற்ற ஊர்களைப் போல ஆக்கியது. 1977 மார்ச்சில் அதிபர் ஜிஸ்கார் தேஸ்தேன் நிறுத்திய ஆளைத் தோற்கடித்து ஷாக் ஷிராக் மேயரானார். பதினெட்டு ஆண்டு அந்த மாளிகையில் இருந்தபடி தன் படையைத் திரட்டி, 1995 இல் நேராக எலிசே அதிபர் மாளிகைக்குப் போனார். இரண்டு நூற்றாண்டு அரசுகள் பயந்தது ஒருவிதத்தில் சரிதான் போலிருக்கிறது, இந்த முறை துப்பாக்கி இல்லாமல் நடந்தது. 2001 இல் தெலனோயே, 2014 இல் முதல் பெண் மேயராக அன் இதால்கோ என்று மாளிகை இடதுசாரிகள் கைக்குப் போனது.

புதுச்சேரிக்காரர்களுக்கு ஒரு செய்தி. கடற்கரைச் சாலையில் 1870–71 வாக்கில் எழுந்த ‘மேரி’ (பிரெஞ்சில் நகராட்சி அலுவலகம்) கட்டடம் 2014 நவம்பர் 29 மழையில் இடிந்து விழுந்தது. அதையும் பழைய தோற்றத்திலேயே மீண்டும் கட்டி 2021 இல் திறந்தார்கள். பாரிஸில் 1870களில் நடந்த அதே விவாதம்தான்: பழைய முகத்தைப் புதிய கல்லில் கட்டலாமா? இரண்டு ஊரும் கட்டலாம் என்றே சொல்லின.

பாரிஸ் மாளிகையில் இன்று 163 உறுப்பினர் கொண்ட மன்றம் கூடுகிறது. சதுக்கத்தில் கண்காட்சி, இசை நிகழ்ச்சி, விளையாட்டு விழா. 2024 ஒலிம்பிக் மாரத்தான் இங்கிருந்துதான் கிளம்பியது. ஆனால் நெப்போலியன் போட்ட பூட்டு முழுவதும் கழன்றுவிடவில்லை. ஊரின் சட்டம் ஒழுங்கு இன்னும் ஆற்றுக்கு அப்பால், தீவில் இருக்கும் போலீஸ் ஆட்சியரிடம்தான், அவரை நியமிப்பது மத்திய அரசு. போக்குவரத்து, வண்டி நிறுத்தம் போன்ற சில அதிகாரங்களை 2017 சட்டம் மேயருக்கு மாற்றிக் கொடுத்தது. நகரத்துக்கென்று சொந்தப் போலீஸ் படை 2021 இல்தான் அமைந்தது, அதுவும் துப்பாக்கி இல்லாமல்.